கைத்துவக்கும் விறாந்தைச் சிரிப்பும்

தம்பி,

சுகம் விசாரித்துத் தொடங்க எனக்கு மனமில்லை. நீ கொழும்பிலே சுகமாகத்தான் இருப்பாய். இந்தக் கடிதத்தின் உறையை நான் ஒட்டவில்லை. தபாற்கந்தோரில் இருப்பவர் படித்தாலும் படிக்கட்டும். உன்னோடு ஒரே அறையில் தங்கியிருக்கிற சிநேகிதர்கள் படித்தாலும் படிக்கட்டும். உன் கல்யாணத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டு விறாந்தையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவர்கள் அவர்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். முடியுமென்றால் உரக்க வாசித்துக் காட்டு. வெட்கம் வந்தால் இன்னும் நல்லது.

அன்றைக்குக் கல்யாணப் பந்தலை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் குசினியில் பாத்திரங்களை ஒதுக்கிக்கொண்டு நின்றேன். விறாந்தையிலிருந்து ஒரு சிரிப்புக் கேட்டது. அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும், தம்பி. ஆண்கள் நாலு பேர் உட்கார்ந்திருக்க, நடுவில் ஒரு பெண் நிற்கும்போது வருகிற சிரிப்பு அது. வேறு எதற்கும் அப்படிச் சிரிக்க மாட்டார்கள். கை ஈரத்தைத் துடைக்காமலே வாசலுக்கு வந்தேன். உன் மனைவி மலர் நடுவில் நின்றாள். புதுத் தாலிக்கொடி இன்னும் கழுத்துக்குப் பழகாத பிள்ளை. அவள் கையில் உன் ஐயாவின் கைத்துவக்கு இருந்தது. நீ சாய்மனைக் கதிரையில் காலை நீட்டிக்கொண்டு கிடந்தாய்.

"இழு, இழு பாப்பம். என்ன, காலமை சாப்பிடேல்லையோ?" என்றாய்.

"மச்சான், உன்ரை மனிசிக்கு வெண்டிக்காய் முறிக்கத்தான் பெலன் காணும்" என்றான் உன் சிநேகிதன்.

அந்தப் பிள்ளை முகம் சிவந்து, சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல், துவக்கின் மேல்மூடியைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் கிள்ளிப் பிடித்து இழுத்தாள். அது அசையவில்லை. நீங்கள் இன்னும் சிரித்தீர்கள். அவள் துவக்கைத் திருப்பி, வாயைத் தன் வயிற்றுப் பக்கமாக வைத்து, இரண்டு கையாலும் அமத்தினாள். அப்போது அவளுடைய பெருவிரல் விசையின் மேல் கிடந்தது. நான் வாசலில் நின்று அதைப் பார்த்தேன். நீயும் பார்த்தாய். பார்த்துக்கொண்டே சிரித்தாய்.

நான் போய் அதை அவள் கையிலிருந்து வாங்கி மேசையில் வைத்தேன். "அம்மா, ஏன் இப்ப பதறுறியள்? அது வெறுந்துவக்கு. ரவைக்கூட்டைக் கழட்டிப்போட்டுத்தான் குடுத்தனான்" என்றாய். கொல்லைப் பக்கம் போய் வாழையடியில் குனிந்து நின்று சத்தி எடுத்தேன். வெயிலில் அம்மாவுக்குப் பித்தம் ஏறிவிட்டது என்று நீ சிநேகிதர்களுக்குச் சொன்னது எனக்குக் கேட்டது. பித்தமில்லை. உன் வாயிலிருந்து வந்த அந்த வசனம் முழுதாக, ஒரு சொல்லும் மாறாமல், உன் ஐயாவின் வசனம். அதுதான் என்னை வாழையடிக்கு ஓட வைத்தது. நான் திரும்பி வருமுன் நீ துவக்கை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாய்.

அன்றைக்குக் காலையில் வேறொரு வேலையும் செய்தாய். விறாந்தைக் கதவு நிலையில் இருக்கிற ஓட்டையைச் சிநேகிதர்களுக்குக் காட்டினாய். "இதுதான் ஐயா கரடிக்கு வெடி வைச்ச இடம். கரடி இந்தப் படியிலை நிண்டது" என்று கையை விரித்துக் காட்டினாய். ஒருவன் ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தான். நான் தேத்தண்ணீர்த் தட்டத்தோடு உங்கள் பக்கத்தில் நின்றேன். தட்டத்தைப் பிடித்திருந்த என் இடது கையில் சின்னவிரல் இல்லை என்பதை அவர்களில் ஒருவரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நெல்லு மில்லின் பெல்ட்டில் அகப்பட்டுப் போனது என்று நீ சொல்லியிருப்பாய். உனக்கு அப்படித்தான் சொல்லி வளர்த்தோம். கரடி வந்ததுமில்லை, மில்லு விரலைத் தின்றதுமில்லை. இரண்டும் ஒரே வெடி.

உன் ஐயாவை நீ ஓர் ஆளாக அறிந்ததைவிட ஒரு படமாகத்தான் அறிந்திருக்கிறாய். அவர் இரணைமடுக் குளத்து வாய்க்கால்களில் கொந்தராத்து எடுத்துச் செய்தவர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, அக்கராயனில் காடு வெட்டிக் காணி திருத்தி, கல்வீடு கட்டியவர். உழைப்பாளி, அதை நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நாலு பேர் பார்க்காவிட்டால் அவருக்குச் சோறும் இறங்காது. வேலையாட்களுக்குச் சம்பளம் கொண்டுபோகிற வழியில் காவலுக்கு என்று சொல்லி லைசன்ஸ் எடுத்து, ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்கார எஞ்சினியரிடம் அந்தக் கைத்துவக்கை வாங்கினார். காவலுக்கு அது ஒரு நாளும் உதவியதாக எனக்கு நினைவில்லை. விருந்தாளிகள் வந்தால் சாப்பாட்டுக்குப் பிறகு வெற்றிலைத் தட்டத்தோடு அதுவும் வெளியே வரும்.

அந்தச் சாமானைப் பற்றி உனக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் உனக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று நான் கண்டுகொண்டேன். அது உள்ளங்கைக்குள் அடங்குகிறதுதான் வினை. மேலே இருக்கிற இரும்பு மூடியைப் பின்னுக்கு இழுத்து விட்டால்தான் ரவை குழலுக்குள் ஏறும். பெரிய துவக்கில் பிடித்து இழுக்க இடம் இருக்கும். இதில் பிடிக்கிற இடம் இரண்டு விரல் அகலந்தான். உள்ளே இருக்கிற ஸ்பிரிங்கைச் சின்ன இடத்துக்குள் நெருக்கி அடைத்திருக்கிறார்கள், அதனால் இன்னும் முரண்டு பிடிக்கும். உன் ஐயா அதைத் துடைத்து நான் கண்டதில்லை. வியர்வையும் செம்மண் தூசியும் ஏறி, மூடி ஓடுகிற தவாளிப்பில் துரு பிடித்திருந்தது. அவருக்கே இழுக்கப் பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது. அவர் இழுத்தால் ஆண்மை, மற்றவர்களால் இழுக்க முடியாவிட்டால் பகிடி. வந்த பெண்களிடம் எல்லாம் "இழும் பாப்பம்" என்று நீட்டுவார். அவர்கள் கூசிக் கூசிக் கிள்ளுவார்கள். ஆண்கள் வெற்றிலை குதப்பிய வாயோடு சிரிப்பார்கள். அந்தப் பெண்களும் சிரிப்பார்கள், வேறு என்ன செய்வது?

நீ யாழ்ப்பாணத்தில் விடுதியில் இருந்து படித்துக்கொண்டிருந்த காலம். கதிர் வெட்டு முடிந்து சூடு மிதிக்கிற நாட்கள். அன்று காலை ஐயா வாய்க்கால் பக்கம் போய், கரையில் கிடந்த ஒரு முதலைக்கு வெடி வைத்தார். படவில்லை. பிடிக்குள் செருகி ரவைகளை அடுக்கி வைக்கிற ரவைக்கூட்டைக் கழற்றிச் சேட்டுப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். கூட்டைக் கழற்றிவிட்டால் துவக்கு வெறுமை என்பது அவர் நினைப்பு. ஒரு வெடி போனவுடன் அடுத்த ரவை தானாகவே குழலுக்குள் ஏறி உட்கார்ந்துகொள்ளும். கூட்டைக் கழற்றினாலும் அது அங்கேயேதான் இருக்கும். லைசன்ஸ் எடுத்தவருக்கு அது தெரியவில்லை. உனக்கும் தெரியவில்லை.

மத்தியானம் வாய்க்கால் வேலைகளை மேற்பார்க்கிற ஓவசியரும் அவர் மனைவியும், கிளிநொச்சி ரவுணில் சீமெந்துக் கடை வைத்திருந்த ஒருவரும் சாப்பிட வந்தார்கள். சாப்பாடு முடிந்தது, சாமான் வெளியே வந்தது. முதலில் ஓவசியரின் மனைவியிடம் நீட்டினார். அவா, "எனக்கு வேண்டாம் அண்ணை, எனக்கு இதைப் பாக்கவே பயம்" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டா. "அது வெறுந்துவக்கு. ரவைக்கூட்டைக் கழட்டிப்போட்டுத்தான் குடுத்தனான்" என்றார் ஐயா. அப்போதுதான் என்னைக் கூப்பிட்டார்.

"இஞ்சை வாரும். உம்மடை வீரத்தை இவைக்கு ஒருக்காக் காட்டும்."

"கை எண்ணெயாக் கிடக்கு. மீன் பொரிச்சுக்கொண்டு நிண்டனான்" என்றேன்.

"எண்ணெய்க் கையோ? அப்ப இன்னும் வடிவா வழுக்கும்!" என்றார் கடைக்காரர். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் வாங்கினேன். ஐயா துவக்கின் பக்கத்திலிருந்த பூட்டைத் தன் விரலாலேயே தட்டி இறக்கிவிட்டார். அது பூட்டிக் கிடந்தால் மூடி அசையாது, விசையும் அசையாது. வலது கையால் பிடியைப் பிடித்தேன். விசையில் விரல் வைக்கக் கூடாது என்று எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. இடது கையால் மூடியைக் கிள்ளி இழுத்தேன். ஒருமுறை வழுக்கியது. "ஆ, ஆ" என்று ஏளனம் பண்ணினார்கள். எனக்குக் கோபம் வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு முழுப் பலத்தோடு இழுத்தேன். எண்ணெய்க் கை மூடியை விட்டு வழுக்கியது; மறுபடி எட்டிப் பிடித்தபோது சின்னவிரல் குழல் வாய்க்கு நேரே போனது. மற்றக் கை தானாக இறுகியது.

சத்தம் பெரிதாக இல்லை, காய்ந்த பனைமட்டை முறிந்த மாதிரித்தான். என் சின்னவிரலைக் காணவில்லை. ரவை கதவு நிலையில் போய்ப் புதைந்திருந்தது. சிரிப்பு உடனே நிற்கவில்லை, தம்பி. அந்த நோவைக்கூட நான் மறந்துவிட்டேன், அதை மட்டும் மறக்கவில்லை. கடைக்காரரின் வாய் திறந்தபடி இருந்தது, வெற்றிலைச் சாறு நாடியில் வழிந்தது, என் கையிலிருந்து இரத்தம் சீமெந்தில் சொட்டிக்கொண்டிருக்கும்போதும் அவர் தொண்டையிலிருந்து சிரிப்பு வந்துகொண்டேயிருந்தது. ஓவசியரின் மனைவிதான் ஓடிவந்து தன் சேலைத் தலைப்பைக் கிழித்துக் கையைச் சுற்றினா.

ஓவசியரின் ஜீப்பில் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஐயா முன் சீற்றில் இருந்தார். பாதி வழியில் திரும்பிப் பார்த்தார். நோகுதோ என்று கேட்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"ஆஸ்பத்திரியிலை கேட்டால் மில்லு பெல்ட் எண்டு சொல்லும். விளங்குதோ? இல்லாட்டில் லைசன்ஸ் போயிடும்."

டொக்டர் காயத்தைப் பார்த்தார். சுற்றிவரத் தோலில் கருகிய புள்ளிகள் இருந்தன. "மில்லிலையோ?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "உண்மையா மில்லிலையோ, அம்மா?" என்று இன்னொருமுறை கேட்டார். ஐயாவின் கை என் தோளில் இருந்தது. "ஓம்" என்றேன். வீட்டுக்கு வந்த பிறகு ஐயா சொன்ன முதல் வார்த்தை, "விசையிலை ஆரும் விரலை வைப்பினமோ?" என்பதுதான். அதற்குப் பிறகு அந்தப் பிழை என் கையினுடையதாகிவிட்டது. பெலனில்லாத கை, அறிவில்லாத விரல்.

காயம் ஆறுவதற்கிடையில் கரடி வந்துவிட்டது. நிலையிலிருந்த ஓட்டையைப் பார்த்து யாரோ கேட்க, அவர் வாயில் கரடி பிறந்தது. முதலில் கரடி முற்றத்தில் நின்றது. பிறகு படியில் ஏறியது. கொஞ்ச நாளில் என்னைப் பாய வந்த கரடியை அவர் தடுத்ததாகவும் ஆனது. அவர் சொல்லச் சொல்ல, உண்மை தெரிந்த ஓவசியரும் கடைக்காரரும் தலையாட்டிக்கொண்டு கேட்டார்கள். விடுமுறைக்கு வந்தபோது உனக்கும் காட்டினார். அவரை நீ எப்படி அண்ணாந்து பார்த்தாய் என்று நான் பார்த்தேன். என் கையிலிருந்த கட்டைத் தொட்டு, "மில்லோ அம்மா?" என்று கேட்டாய். தலையாட்டினேன். அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்க இந்தக் கடிதத்தை எழுதவில்லை. தாய் தகப்பன் எழுதுகிற கடிதங்களில் தங்கள் பிழைகளையும் சொல்லி அழுவது வழக்கம் என்று அறிவேன். இதில் நான் அழ ஒன்றும் இல்லை.

கை ஆறியதும் நான் ஒரு காரியம் செய்தேன். ஐயா வேலைக்குப் போன பிறகு, பகல் வெளிச்சத்தில், அலுமாரியைத் திறந்து அந்தச் சாமானை வெளியில் எடுத்தேன். தொட்டதும் அருவருப்பாக இருந்தது. என் தோல் இன்னும் அதில் ஒட்டியிருப்பதுபோல. இருந்தும் எடுத்தேன். என் விரலைத் தின்ற சாமான் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் அதோடு ஒரே வீட்டில் படுத்து எழும்ப என்னால் முடியவில்லை. கொல்லையிலிருந்த மண் கும்பிக்கு நேரே அதன் வாயைப் பிடித்தேன். விசைப் பக்கம் விரலே போகாமல் நேராக நீட்டி வைத்துக்கொண்டேன். முதலில் தையல் மெசின் எண்ணெய் விட்டு, பழைய வேட்டித் துணியால் தவாளிப்பைத் துடைத்துத் துடைத்து, துணி வெள்ளையாக வரும்வரை துடைத்தேன். அப்பவும் கிள்ளி இழுத்தால் வரவில்லை. ஈரப் போர்வையைக் கிள்ளிப் பிழிய முடியுமா? முழுக்கையாலும் சுற்றிப் பிடித்துத்தானே பிழிகிறோம். அப்படிப் பிடித்துப் பார்த்தேன். உள்ளங்கையை மூடியின் பின்பக்கத்தில் மேலாகக் கவிழ்த்து, இருந்த விரல்களால் ஒரு பக்கமும் கையின் அடிச்சதையால் மறுபக்கமும் இறுக்கினேன். துவக்கை நெஞ்சுக்குக் கிட்டக் கொண்டுவந்து முழங்கைகளை விலாவோடு ஒட்டினேன். மூடியை இழுக்கப் பார்ப்பதை விட்டுவிட்டு, மூடியை அப்படியே பிடித்துக்கொண்டு, பிடியிலிருந்த வலது கையை முன்னுக்குத் தள்ளினேன். இழுக்கிற கைக்கு இல்லாத பலம் தள்ளுகிற கைக்கு இருந்தது. மூடி பின்னால் வந்தது. பயந்து மெல்ல மெல்ல விட்டபோது பாதியில் சிக்கியது. பட்டென்று விட்டபோது சரியாகப் போய் மூடியது. அவ்வளவுதான், தம்பி. அந்த ஆண்கள் எல்லோரும் வருடக்கணக்காகச் சிரித்த விசயம் அவ்வளவுதான். அதில் பெலனும் இல்லை, வீரமும் இல்லை. சொல்லித் தந்திருந்தால் ஓவசியரின் மனைவியும் செய்திருப்பா, நானும் செய்திருப்பேன். சொல்லித் தந்தால் சிரிக்க முடியாதே, அதனால் சொல்லித் தரவில்லை.

அடுத்த வருடம் புதிதாக வந்த வாத்தியாரும் அவருடைய மனைவியும் விருந்துக்கு வந்தார்கள். நம்பமாட்டாய், சாப்பாடு முடிந்ததும் சாமான் மறுபடியும் வெளியே வந்தது. என் கை இப்படிக் கிடக்க, அதே விறாந்தையில், அதே ஓட்டைக்கு முன்னால், அந்தப் பெண்ணிடம் நீட்டி "இழும் பாப்பம்" என்றார். அவள் கை நீட்டினாள். நான் இடையில் புகுந்து வாங்கினேன். எல்லோருடைய முகத்துக்கும் முன்னால் கூட்டைக் கழற்றி மேசையில் வைத்தேன். ஆளில்லாத முற்றத்து மண்ணுக்கு நேரே பிடித்து, மூடியைத் திறந்து, குழலுக்குள் ஒன்றுமில்லை என்று பார்த்து, திறந்தபடியே வைத்தேன்.

"இதிலை சிரிக்க என்ன கிடக்கு?" என்று கேட்டேன்.

ஐயா தொடையில் தட்டிச் சிரித்தார். "அதுக்கு நான்தான் ஸ்பிரிங்கை இளக்கி வைச்சனான். இல்லாட்டில் இவ இழுக்கிறதோ?" என்றார். எல்லோருக்கும் நிம்மதியாகப் போய்விட்டது. அவர்களும் சிரித்தார்கள். எனக்கு அவர் மேல் கடைசியாக மிச்சமிருந்த கோபமும் அப்போதே போய்விட்டது. ஒரு மனிதன் தன் மனைவியின் விரலை எடுத்த பிறகும் அவளுடைய அந்தச் சின்ன வெற்றியையும் எடுத்துத் தன் பையில் போட்டுக்கொள்வதைக் கண்டால் கோபம் வராது. அழுகின பழத்தை மிதித்த காலைப் பார்க்கிற மாதிரி இருக்கும். நான் அவரோடு பிறகும் வாழ்ந்தேன், சமைத்துப் போட்டேன், நெஞ்சுவலி வந்து படுத்தபோது கடைசிவரை பார்த்தேன். அதையெல்லாம் செய்தேன். மரியாதை மட்டும் திரும்பி வரவில்லை.

அவர் செத்த பிறகு அந்தத் துவக்கைப் பொலிசில் ஒப்படைத்துவிடு என்று உனக்குச் சொன்னேன். "ஐயாவின்ரை நினைவா ஒண்டு கிடக்கட்டும் அம்மா" என்று லைசன்ஸை உன் பெயருக்கு மாற்றிக்கொண்டாய். நினைவு என்று நீ எடுத்துக்கொண்டது எதை என்று உன் கல்யாணத்துக்குப் பிறகுதான் எனக்கு விளங்கியது.

இனி நீ கொழும்புக்குப் போன பிறகு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு நாள் காலமை மலர் என்னோடு கிணற்றடியில் நின்றாள். அவளுடைய பெருவிரலில் தோல் உரிந்து காய்ந்திருந்தது; மூடியின் விளிம்பு கிழித்தது. சேலையைப் பிழிந்துகொண்டே கேட்டாள்.

"மாமி, அண்டைக்கு ஏன் சத்தி எடுத்தனீங்கள்? பித்தமில்லை எண்டு எனக்குத் தெரியும்."

நான் என் கையைக் காட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை. பிழிந்த சேலையைக் கொடியில் போட்டுவிட்டு வந்து, "எனக்கு அதைக் காட்டித் தாங்கோ" என்றாள்.

நீ அலுமாரிச் சாவியை அவளிடந்தான் கொடுத்துவிட்டுப் போயிருந்தாய். இருவரும் கொல்லைக்குப் போனோம். ரவைக்கூடு கழன்றபடிதான் இருந்தது, நீ சொன்னது சரி. அதைக் கையில் எடுத்ததும் நான் கண்ட முதல் காரியம், பக்கத்துப் பூட்டு போட்டபடி கிடந்தது. நீ கடைசியாக எப்படி வைத்தாயோ அப்படி. அன்றைக்கு மேல்மூடி ஏன் அசையவில்லை என்று அப்போது விளங்கியது. பூட்டிய சாமானை அந்தப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு, அவளுக்குப் பெலனில்லை என்று சிரித்திருக்கிறீர்கள். பூட்டு போட்டிருந்ததைத் தெரிந்து செய்தாயா, தெரியாமல் செய்தாயா என்று எனக்குத் தெரியாது. இரண்டில் எது அசிங்கம் என்று யோசித்துப் பார்த்தேன். முடிவுக்கு வர முடியவில்லை.

பூட்டை இறக்கி அவளிடம் கொடுத்தேன். மண் கும்பிக்கு நேரே பிடிக்கச் சொன்னேன், விரலை நேராக நீட்டச் சொன்னேன், முழுக்கையால் கவிழ்த்துப் பிடித்து மற்றக் கையைத் தள்ளச் சொன்னேன். அவளுக்கு முதல்முறையே வந்தது. மூடி பின்னால் போனது. மூடியின் பக்கத்திலிருக்கிற திறப்பிலிருந்து ஒரு ரவை துள்ளி எங்கள் இருவருக்கும் நடுவில் மண்ணில் விழுந்தது.

முழு ரவை, தம்பி. வெடிக்காதது. கல்யாணத்துக்கு அடுத்த நாள் சிநேகிதர்களைக் கூட்டிக்கொண்டு குளத்துக் கட்டுப் பக்கம் போய்ப் போத்தலுக்கு வெடி வைத்தாயே, அதில் மிஞ்சியது. கூட்டைக் கழற்றினாய், வெறுந்துவக்கு என்றாய். அந்த ரவை குழலுக்குள் இருக்கும்போதுதான் அவள் அதன் வாயைத் தன் வயிற்றில் வைத்து, விசையில் பெருவிரலை அமத்தினாள். நீ கதிரையில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாய். அந்தப் பூட்டு ஒன்றுதான் இடையில் நின்றது. உங்கள் பகிடி நன்றாக முற்றி, யாராவது ஒருவன் "பூட்டை எடுத்துவிட்டுக் குடு மச்சான், பாவம்" என்று சொல்லியிருந்தால், நான் இன்றைக்கு உனக்கு வேறு கடிதம் எழுதிக்கொண்டிருப்பேன். அதற்கும் நீ ஒரு கரடியைக் கொண்டுவந்திருப்பாய்.

மலர் குனிந்து அந்த ரவையை எடுத்தாள். உள்ளங்கையில் வைத்துக் கன நேரம் பார்த்தாள். பிறகு என்னிடம் ஒரேயொரு கேள்வி கேட்டாள். "மாமி, பொலிசு எங்கை இருக்கு?"

நான் ஒன்றும் தூண்டவில்லை. வேண்டாமென்றும் சொல்லவில்லை. துவக்கையும் கூட்டையும் அந்த ரவையையும் சந்தைக்குக் கொண்டுபோகிற பன்பையில் வைத்து, மேலே துவாயை மூடி, பஸ்சில் கிளிநொச்சிக்குப் போனோம். சார்ஜன் ஒருவர் இருந்தார், நடுத்தர வயதுக்காரர். பையைத் திறந்து பார்த்ததும் அங்கே நின்ற பொலிஸ்காரரை விலகச் சொன்னார். துவக்கின் வாயைச் சுவர்ப் பக்கம் திருப்பி, மூடியைத் திறந்து, உள்ளே பார்த்து, விரலாலும் தடவிப் பார்த்த பிறகுதான் மேசையில் வைத்தார். "ஆர் இதுக்குள்ளையிருந்து ரவையை எடுத்தது?" என்று கேட்டார். "நான்தான்" என்றாள் மலர். எப்படி உள்ளே வந்தது என்று கேட்டார். அவள் நடந்ததை அப்படியே சொன்னாள், ஒரு சொல் கூட்டவுமில்லை குறைக்கவுமில்லை. அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"தங்கச்சி, முறைப்பாடு ஒண்டு எழுதிறதெண்டால் எழுதலாம்."

"இப்ப வேண்டாம். அவர் வரட்டும்."

"அவர் வந்து கேட்டால் துவக்கைக் குடுக்கத்தான் வேணும். லைசன்ஸ் அவரின்ரை பேரிலை."

"தெரியும்" என்றாள்.

திரும்பி வரும்போது பஸ்சில் அவள் யன்னலோரம் இருந்தாள். வீட்டுக்கு வந்ததும் தன் உடுப்புப் பெட்டியை எடுத்து, சாமான்களை மடித்து அடுக்கி, மூடி, வாசலுக்குப் பக்கத்தில் வைத்தாள். எங்கே போக என்று நான் கேட்கவில்லை. அது உன்னோடு போகவும் வைத்ததாக இருக்கலாம், தாய் வீட்டுக்குப் போகவும் வைத்ததாக இருக்கலாம். நீ பிடிப்பித்து வைத்திருக்கிற கல்யாணப் படத்தில் அவள் உன் பக்கத்தில் தலை குனிந்து நிற்கிறாள். அந்தப் படத்தை நம்பி வராதே.

உனக்குப் புத்தி சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. பெண்சாதியிடம் ஒரு சாமானைக் கொடுத்தால், அதைப் பிடிக்கிற விதத்தையும் சொல்லிக் கொடு. அவளுக்கு முடியாமல் போனதைப் பார்த்துச் சிரிக்கிற சிநேகிதனை அடுத்த சாப்பாட்டுக்குக் கூப்பிடாதே. உன் ஐயாவின் கதையை இனி ஒருவருக்கும் சொல்லாதே. சொல்வதென்றால் இந்தக் கடிதத்தில் இருக்கிறபடி சொல்.

வெள்ளிக்கிழமை றெயினில் நீ கிளிநொச்சியில் இறங்குவாய். பொலிஸ் நிலையம் அங்கிருந்து நடக்கிற தூரந்தான். இங்கே வருவதென்றால் அக்கராயன் பஸ்சுக்கு நின்று காத்திருக்க வேண்டும். இதை எழுதி முடித்ததும், உனக்கு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று மலரிடம் கேட்டேன். அவள் முற்றத்தில் நெல்லுக் காயப்போட்டுக்கொண்டு நின்றாள். கையைத் தட்டிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"ஒண்டும் எழுத வேண்டாம், மாமி. முதல் எங்கை போறார் எண்டு பாப்பம்."

அம்மா